என் சிறுகுடலும் முதல் பந்தியும்

அடுத்தவர் வயிற்றைப் பற்றிப் பேச எங்கள் பக்கத்தில் யாரும் படிக்க வேண்டியதில்லை. காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிறவரிடம் அனுப்புவார்கள். வயிறு என்று வாயைத் திறந்துவிட்டால் மட்டும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கூட டாக்டராகிவிடுவார். இதை ஏளனமாகத்தான் சொல்கிறேன். ஆனால் அத்தனை பேரும் சேர்ந்து என் வயிற்றுக்குச் செய்யாத அவமானத்தை, முறைப்படி லேப் படிப்புப் படித்துச் சான்றிதழ் வாங்கிய நான் ஒருத்தியே ஒரே மத்தியானத்தில் செய்து முடித்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் பயிற்சி முடித்து, புதுக்கடைப் பக்கம் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். முதல் ஆறு மாதம் தற்காலிகம். அதன்பிறகு கமிட்டி கூடி நிரந்தரமாக்கும், அல்லது வீட்டுக்கு அனுப்பும். ஒரு மைக்ராஸ்கோப், ஒரு மேஜை, நோயாளி படுக்க ஒரு பெஞ்சு, கிருமி வளர்ப்பதற்கு மண்ணெண்ணெய் விளக்கில் சூடாகும் ஒரு பெட்டி. இவ்வளவுதான் என் ராஜ்யம். அதில் நான் மகாராணியைப் போல நடந்துகொண்டேன். எதற்கும் பட்டியல் போடுவேன். மேஜை துடைப்பதற்கே ஏழு படிகள் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். (துடைக்கிறவள் நான் மட்டும்தான்.)

வடக்கே விடுதியில் இருந்தபோது எனக்கு ஒரு பேதி வந்தது. பேதி போய்விட்டது, பழைய வயிறு மட்டும் திரும்பி வரவில்லை. எதைத் தின்றாலும் ஒரு மணி நேரத்தில் வயிறு பந்துபோல உப்பும். ஏப்பம் ஏப்பமாக வரும். பிறகு கொல்லைப்புறம் நோக்கி ஓட்டம். தின்றது உடம்பில் ஒட்டவில்லை, ரவிக்கைகளை எல்லாம் இரண்டு தடவை பிடித்துத் தைத்தாகிவிட்டது. இதற்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தின்றது, மணி, விளைவு என்று மூன்று பத்தி. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றால் நாற்பது நிமிஷம். பயறும் கஞ்சியும் என்றால் ஐம்பது. சக்கைப்பழம், அதாவது பலாப்பழம், தின்ற நாளுக்கு எதிரே ‘எழுதும் நிலையில் இல்லை’ என்று குறித்திருக்கிறது.

நான் செல்லம் அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். அக்காளின் வைத்தியம் சுக்கு, ஓமம். அத்தான் பள்ளிக்கூட வாத்தியார், சபைக்குச் செயலாளர். அவருடைய வைத்தியம் சோடா உப்பும் அறிவுரையும். பக்கத்து வீட்டுக்காரி தன் பங்குக்கு ஒரு அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். “கொடலு மேல ஏறிக் கெடக்குது மக்கா, நான் எறக்கித் தாறேன்” என்று அந்த அம்மாள் சுடச்சுடத் தேங்காயெண்ணெய் ஊற்றி அரைமணி நேரம் வழித்தார். மறுநாள் தோல் பளபளவென்று இருந்தது. வயிறு பழையபடி இருந்தது.

படித்தவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? என் மலத்தை நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், ஆறு தடவை. புழு இல்லை, அமீபா இல்லை. முடிவுகளை வரிசையாக எழுதிப் பெரிய டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல மனிதர். கை கழுவுவதைத் தவிர உலகத்தில் வேறு எதையும் அவர் முழுமனதாக நம்பியதில்லை. பட்டியலைப் படிக்காமலே மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“நரம்பு. இளம்பெண்களுக்கு வரும். கல்யாணம் ஆனாப் போயிரும்.”

மாப்பிள்ளையைச் சுரக்கும் சுரப்பி உடம்பில் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, தற்காலிகமாக வேலை பார்க்கிறவள் அல்லவா.

ஆறாவது மாதம் முடியும் வாரம், வெள்ளிக்கிழமை, அவரே என்னைக் கூப்பிட்டார். “உன் வேலையில கொறை சொல்ல மாட்டேன். ஒடம்புதான். வாரத்துல ரெண்டு நாள் மொகம் வெளுத்துப்போய் நிக்கிறே. செவ்வாய்க்கெழமை கமிட்டி. நான் பொய் எழுத முடியாது.”

அதாவது திங்கட்கிழமை மாலைக்குள் என் வயிற்றுக்குள் இருப்பது நரம்பல்ல, மருந்து கொடுத்தால் தீரக்கூடிய நோய்தான் என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் மைக்ராஸ்கோப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அக்காளோடு உட்கார்ந்து சுக்கு இடிக்க வேண்டும்.

என்ன நோய் என்று எனக்குத் தெரியும் என்று நம்பினேன். அவர் அறையில் கிடந்த பழைய மருத்துவப் பத்திரிகை ஒன்றில் படித்திருந்தேன். பெருங்குடலில் கிருமிகள் குடியிருப்பது இயற்கை. சிறுகுடலின் மேல்பகுதியில் அவை அநேகமாக இருக்கக் கூடாது. சிலருக்கு அவை அங்கேயும் பெருகி, நாம் தின்பதை நமக்கு முந்தித் தின்று, காற்றாக மாற்றிவிடும். நிரூபிக்க வழியும் அதில் இருந்தது. மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை மூக்கு வழியாக விழுங்கி, அது இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் இறங்கியதும், அங்குள்ள நீரை உறிஞ்சி எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டும். தாண்டியதா என்பதை லிட்மஸ் தாள் சொல்லும். இரைப்பை நீர் புளிப்பு, நீலத் தாளைச் சிவப்பாக்கும். சிறுகுடல் நீர் பித்தம் கலந்து மஞ்சளாக வரும், சிவப்புத் தாளை நீலமாக்கும்.

வார்டு நர்ஸ் தங்கம்மையிடம் மட்டும் ரகசியத்தைச் சொன்னேன்.

“ஏட்டி, ஒனக்குப் பிராந்தா? சீக்காளிய முழுங்க வைக்கவே நாலு பேரு பிடிக்கணும். நீயா முழுங்கப் போறே?”

“பிடிக்க வேண்டாம். லிஸ்ட் போட்டாச்சு.”

“லிஸ்டு தொண்டைக்குள்ள எறங்குமாக்கும்?” என்றாள் தங்கம்மை. ஆனாலும் குழாயை அவள்தான் கொதிக்க வைத்துத் தந்தாள்.

நாள் குறித்ததில் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை, அதுவும் சபை அசனத்து ஞாயிறு. வருஷத்தில் ஒருநாள் சபையார் அத்தனை பேரும் ஒரே பந்தலில் ஒரே சோற்றை உட்கார்ந்து உண்பதுதான் அசனம். சபைக் கோயிலும் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே இருந்தது. எல்லாரும் அங்கே போய்விடுவார்கள், லேப் பக்கம் ஈ காக்கை வராது. பத்து மணிக்குள் வேலையை முடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாகப் பந்தலுக்குப் போய் நிற்கலாம். அத்தானின் பட்டியலில் சாம்பார் விளம்புகிறவள் நான். அசனத்தில் இலைக்கு இலை விளம்புவது ஆஸ்பத்திரிப் பெண்களின் வேலை. கைச்சுத்தம் அவர்களுக்குத்தான் தெரியும் என்பது பெரிய டாக்டரின் கொள்கை.

காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். குழாயின் நுனியில் சின்னதாக ஒரு ஈயக் குண்டு, உடம்பில் மூன்று கறுப்பு வளையங்கள். முதல் வளையம் மூக்கைக் கடந்தபோது கண்ணில் நீர் கொட்டியது. இரண்டாவது கடந்தபோது தங்கம்மை ஜெபிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது கடந்தபோது, “சும்மா முழுங்குங்கம்மா, ஒண்ணும் செய்யாது” என்று நான் அதுவரை அலட்சியமாகச் சொன்ன அத்தனை நோயாளிகளிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பிறகு இன்னும் ஒரு சாண் விழுங்கிவிட்டு, குழாயைக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, வெளி நுனியை மடக்கி நூலால் கட்டி, வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தேன்.

அரைமணிக்கு ஒருமுறை நூலை அவிழ்த்து ஒரு சொட்டு எடுத்துத் தாளில் வைத்தோம். ஏழு மணிக்குச் சிவப்பு. எட்டு மணிக்குச் சிவப்பு. கோயிலில் பாட்டு ஆரம்பித்து, பிரசங்கம் முடிந்து, மறுபடி பாட்டு ஆரம்பித்தது. அப்போதும் சிவப்பு. பத்தரைக்குத் தங்கம்மையைப் பிரசவத்துக்கு என்று வார்டில் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் போனபின் ஈயக் குண்டிடம் நானே பேச ஆரம்பித்தேன். அது மரியாதை தெரியாத குண்டு. அசையவில்லை.

பதினொன்றரைக்குக் கதவு இடிபட்டது. செல்லம் அக்காள்.

“ஏட்டி ரெத்தினம்! அத்தான் ஒனக்க பேரு வாசிச்சாச்சு. பந்தி இரிக்கப் போவுது. உள்ள என்ன செய்யே? நிக்கியா, படுத்துக் கெடக்கியா?”

“நிக்கேன்.”

“வயிறு சரியில்லியா? செரி, பெரிய டாக்டருட்ட சொல்லி வேற ஆளு போடச் சொல்லுதேன்.”

இதைவிடக் கெட்ட யோசனை இருக்க முடியாது. மறுநாள் மாலை என் உடல்நிலையைப் பற்றி எழுதப் போகிறவரிடம், அசனத்தில் நிற்கக்கூட எனக்குத் தெம்பில்லை என்று என் சொந்த அக்காளே போய்ச் சொல்வதா? குழாயை உருவிவிடலாம் என்றால், ஐந்தரை மணி நேரத் தவம் வீண். திரும்ப விழுங்கும் துணிச்சலும் கிடையாது. அப்போது என் அறிவு ஒரு வழி சொன்னது. (என் அறிவை நான் அதிகம் நம்பிய காலம் அது.) நடந்தால் குண்டு சீக்கிரம் இறங்கும். விளம்பினால் நான் திடமாக இருப்பதும் தெரியும். ஒரே காரியத்தில் இரண்டு லாபம்.

“தோ வாறேன், நீ போ” என்றேன்.

கடைசியாக ஒருமுறை நூலை அவிழ்த்துச் சோதித்தேன். சிவப்புதான். குழாயைச் சுருட்டிக் காதுக்குப் பின்னால் கொண்டை ஊசியால் குத்தினேன். கோயிலுக்குப் போகும் பெண்கள் முக்காடு போடுவது எங்கள் வழக்கம், அது வசதியாகப் போயிற்று. முக்காட்டு ஓரத்தை மூக்குக்கு மேல் இழுத்து மறுபக்கம் செருகிக்கொண்டேன். லிட்மஸ் தாள்களை ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டேன். சுவரில் இருந்த பட்டியலை ஒருமுறை வாசித்தேன். எட்டாவது: நூலை அவிழ்த்துச் சோதிக்கவும். ஒன்பதாவது: நீரை உறிஞ்சி எடுக்கவும். எல்லாம் சரியாக இருந்தது.

இரண்டுக்கும் நடுவில் ‘திரும்பக் கட்டவும்’ என்று ஒரு வரி இல்லை. பட்டியலில் இல்லாததால் நான் கட்டவில்லை.

பந்தலில் ஏறக்குறைய தொண்ணூறு பேர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பந்தியின் தலைப்பில் பெரிய டாக்டர், அவருக்கு அடுத்தாற்போல் உபதேசியார். டாக்டர் கை வைத்தால்தான் பந்தி கை வைக்கும். அவர் எழுந்தால் பந்தியும் எழும். சாப்பிட்டு முடித்ததா இல்லையா என்ற பேச்சே கிடையாது. அப்படியொரு மரியாதை.

சாம்பார் வாளியைக் கையில் தந்த அத்தான் என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்ன பிள்ளே, மூஞ்ச மூடிக்கிட்டு நிக்கே?”

“பொகை அத்தான்.”

“பொகை அந்தப் பக்கமில்லா அடிக்கி?”

அதற்குள் பெரிய டாக்டரே என்னைக் காப்பாற்றிவிட்டார். பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “பாத்துக்கோங்க எல்லாரும். லேப்ல வேலை செய்யிற பொண்ணு மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டு விளம்புது. சுத்தம்னா இது. இங்க வாம்மா, மொதல்ல எனக்கு விடு.”

என் வாழ்நாளில் அவரிடமிருந்து வாங்கிய முதல் பாராட்டு. தலை நிமிர்ந்து போனேன். தலை நிமிர்ந்தே விளம்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இலை தரையில் அல்லவா இருக்கிறது. குனிந்தேன்.

கொண்டை ஊசி நழுவியது. குழாய் சுருள் பிரிந்து, முக்காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து, டாக்டரின் இலைக்கு ஒரு விரற்கடை மேலே தொங்கியது. மேலே இருக்கும் நீர் குழாய் வழியாகத் தாழ்ந்த முனைக்கு ஓடும் என்பது நான் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து மார்க் வாங்கிய பாடம். முனை கட்டப்படவில்லை. ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு சொட்டுகள் என்று எண்ண முடியாதபடி ஒரு சிறிய ஓட்டம். சோற்றுக்கும் அவியலுக்கும் நடுவே, இலையின் வெறும் இடத்தில்.

மஞ்சள் நிறம். பச்சை கலந்த அழகான மஞ்சள்.

மானமுள்ள பெண் அந்த இடத்தில் மயங்கி விழுந்திருப்பாள். நான் வாளியைக் கீழே வைத்தேன். தீப்பெட்டியைத் திறந்தேன். ஒரு சிவப்புத் தாளை எடுத்து, பெரிய டாக்டரின் இலையில் தோய்த்தேன். அது நீலமாகியது. தாளை வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்துவிட்டு, அமைதியாகச் சொன்னேன்:

“டாக்டர், குண்டு தாண்டிட்டு.”

உபதேசியார் எட்டி டாக்டரின் இலையைப் பார்த்தார். “அது என்ன கறி டாக்டர்? எனக்கு விளம்பல்லியே?”

பொய் எழுத முடியாதவருக்குப் பொய் சொல்லவும் முடியவில்லை. “கறியில்ல. இவளுக்க பித்தநீர்” என்றார். பிறகு எழுந்தார்.

தொண்ணூறு பேரும் எழுந்தார்கள். டாக்டருக்கு முந்தித் திருட்டுத்தனமாக அவியலை வாயில் வைத்தவர்கள் வைத்தபடி எழுந்தார்கள். சிறுபயற்றுப் பாயச அண்டாவை இரண்டு பேர் அப்போதுதான் பந்தல் வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணத்தது. முதல் பந்தி அதைத் தாண்டிக் கை கழுவப் போயிற்று. யாரோ ஒருவர் அண்டாவைத் திரும்பிப் பார்த்து விட்ட பெருமூச்சு எனக்கு இன்னும் கேட்கிறது.

“எனக்க கர்த்தாவே, மூக்குல என்னட்டி அது, பாம்பா?” என்று அக்காள் அலறினாள். அத்தான் அலறவில்லை. “பாயசம் போச்சே” என்று மெதுவாகச் சொன்னார்.

குழாயைக் கையில் மடக்கிப் பிடித்துக்கொண்டு லேபுக்கு ஓடினேன். உருவி எறிந்துவிட்டுப் பெட்டியைக் கட்டலாம் என்று இருந்தபோது பெரிய டாக்டர் உள்ளே வந்தார். கை கழுவினார். வழக்கமாக மூன்று நிமிஷம் கழுவுவார். அன்றைக்கு ஐந்து நிமிஷம். உபரி இரண்டும் கோபத்துக்கு.

“ஊசிக்குழல் எங்க?”

எடுத்துக் கொடுத்தேன். அவரே உறிஞ்சி எடுத்தார். “ஆறு மாசமா நீ சொல்லி நான் பாக்காதது, கடைசியில எனக்க இலைக்கே வந்திட்டு” என்றார். அது சிரிப்பா, திட்டா என்று தெரியவில்லை. நான் குழாயை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த நிலையில் எதையும் ஆராய முடியாது.

மறுநாள் காலை கிருமிப் பெட்டியைத் திறந்தேன். தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி படர்ந்திருந்தது. பெரிய டாக்டர் வெகுநேரம் பார்த்தார். “தொண்டையிலருந்தும் வந்திருக்கலாமே?” என்றார். என் தொண்டையைத் தனியே துடைத்து வளர்த்த இரண்டாவது தட்டை நீட்டினேன். அதில் இருந்தவை வேறு ஜாதி, எண்ணிக்கையும் கொஞ்சம். (பட்டியலில் மூன்றாவது வரி. அது ஒன்றாவது என்னைக் காப்பாற்றியது.) அவர் தன் அலமாரியைத் திறந்து, புதிதாக வந்திருந்த, பூட்டியே வைத்திருந்த ஒரு கிருமிக்கொல்லி மருந்துக் குப்பியை எடுத்துத் தந்தார். ஐந்தாவது நாள் மரச்சீனி தின்றேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. வயிறு இருப்பதே தெரியவில்லை. நோட்டில் விளைவு என்ற பத்தியில் ஒரு கோடு போட்டபோது அழுகை வந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கமிட்டிக்கு அவர் எழுதியதைப் பின்னால் பார்த்தேன். ‘நோய் கண்டறியப்பட்டது. சிகிச்சை நடக்கிறது. நிரந்தரமாக்கலாம். லேபில் மட்டும் பயன்படுத்தவும், பந்தியில் வேண்டாம்.’ பொய் எழுதாத மனிதர் என்று சொன்னேன் அல்லவா.

ஜெயித்துவிட்டதாக ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். மருந்து முடிந்த எட்டாவது மாதம் வயிறு மறுபடி உப்பியது. இந்தக் கிருமிகளுக்கு விசுவாசம் அதிகம், விட்ட இடத்துக்கே திரும்ப வரும். இப்போதும் வருஷத்துக்கு ஒருமுறை வருகின்றன, மருந்து கண்டு போகின்றன. அக்காள் சுக்கோடு வந்து நிற்கிறாள்.

அந்த அசனத்துக்குப் பிறகு எங்கள் சபை இரண்டாகப் பிரிந்தது. முதல் பந்திக்காரர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டாம் பந்திக்காரர்கள் அன்றைக்கு ஆளுக்கு மூன்று கரண்டிப் பாயசம் குடித்தவர்கள். அவர்கள் என் உடல்நிலையை உள்ளன்போடு விசாரிப்பார்கள். இனி ஒருபோதும் இப்படி நடக்கக் கூடாது என்று மறுவருஷம் சபைக் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். என் பெயரை அதில் எழுதவில்லை, அந்தமட்டும் தாட்சணியம். அன்றிலிருந்து எங்கள் அசனத்தில் உப்புக்கும் சோற்றுக்கும் முன்னால் இலையில் விழுவது பாயசம்.

இந்த வருஷம் எல்லை மாறி நாங்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த பிறகு, எங்களுக்குப் புதுப் போதகர் ஒருவர் வந்தார். வெறும் இலையில் பாயசம் விழுந்ததைக் கண்டு திகைத்துப்போய், “இது திருவிதாங்கூர் வழக்கமா?” என்று அத்தானிடம் கேட்டார்.

“இல்ல ஐயா” என்றார் அத்தான். “எனக்க கொழுந்தியாளுக்க சிறுகொடல் வழக்கமாக்கும்.”

முதல் பந்தி முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, என் பாயசத்தைக் குடித்தேன்.